பழி மைட்டோகாண்ட்ரியா மீது, விற்பனை மாத்திரைக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய்க்கும், தசைச் செல்லுக்குள் ஆற்றல் உருவாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கும் உள்ள தொடர்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை நோய் என்றாலே கணையம், இனிப்பு, ஊசி என்று பேசி முடித்துவிடுவதுதான் வழக்கம். தசைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் தசையிலுள்ள மைட்டோகாண்ட்ரியா பழுதாவதால்தான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வருகிறது என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. அது இன்னும் தீர்ப்பு வராத வழக்கு. அதே பக்கத்தின் கீழ்ப் பாதியில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் புத்துயிர் கொடுக்கும் மாத்திரை என்று ஒரு விளம்பரம் வேறு. மேலே படித்துவிட்டு அப்படியே கீழே இறங்குகிற வாசகர் என்ன முடிவுக்கு வருவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டத்தான் வேண்டும் என்றால் மாத்திரை பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. உடலியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆய்வுக்கு ஒப்புக்கொண்டு வருகிறவர்களின் தொடையிலிருந்து எடுத்த தசைத் துணுக்கைப் பக்குவப்படுத்தி, அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. எனக்கும் சர்க்கரை உண்டு. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு இரட்டை அக்கறை.

கட்டுரை சரியாகச் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சர்க்கரை நோயில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. 1979-இல் டிஃப்ரான்சோ, டோபின், ஆண்ட்ரெஸ் என்ற மூவர் ஓர் அளவீட்டு முறையை விவரித்து எழுதினார்கள். ரத்தத்தில் இன்சுலினைச் சீராகச் செலுத்திக்கொண்டே, சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்கக் குளுக்கோஸையும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நிறையக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தால் அந்த உடல் இன்சுலின் சொல்பேச்சைக் கேட்கிறது. கொஞ்சம் ஏற்றினாலே போதும் என்றால் அது கேட்கவில்லை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது. இந்த முறையில் அளந்தபோது, இன்சுலின் தூண்டி ரத்தத்தை விட்டு வெளியேறும் குளுக்கோஸில் ஏறக்குறைய 80 சதவீதம் எலும்புத் தசைக்குள்தான் போகிறது என்று தெரிந்தது. ஆக, தசை கேட்க மறுத்தால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். இதில் சர்ச்சை எதுவும் இல்லை.

அடுத்த படியில்தான் கட்டுரை வழுக்குகிறது. மைட்டோகாண்ட்ரியா பலவீனமானதால் தசையால் சர்க்கரையை எரிக்க முடியவில்லை, எரியாத சர்க்கரை ரத்தத்தில் தேங்குகிறது என்று அது விளக்குகிறது. கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதுவல்ல. இன்சுலின் உள்ள நேரத்தில் தசைக்குள் போகும் குளுக்கோஸில் பெரும்பகுதி உடனே எரிவதே இல்லை, கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஷுல்மன் குழு 1990-இல் காந்த ஒத்திசைவு முறையில் இதை உயிருள்ள மனிதத் தசையிலேயே அளந்து காட்டியது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்தச் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அதே குழு பின்னால் நடத்திய ஆய்வுகள், தடை முக்கியமாக நுழைவிலேயே இருக்கிறது என்றன. குளுக்கோஸை உள்ளே கடத்தும் குளூட்-4 என்ற புரதம், இன்சுலின் கூப்பிட்டதும் செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வர வேண்டும். இன்சுலின் எதிர்ப்பு உள்ள தசையில் அது போதிய அளவு வருவதில்லை. எரிக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் மைட்டோகாண்ட்ரியா எங்கே வருகிறது? கொழுப்பு வழியாக வருகிறது. தசைச் செல்லுக்குள் வரும் கொழுப்பு அமிலங்களை எரிப்பது மைட்டோகாண்ட்ரியா. வரவு அதிகமாகி எரிப்பு குறைந்தால் டையசைல்கிளிசரால், செராமைடு போன்ற இடைநிலைக் கொழுப்புகள் செல்லுக்குள் சேரும். இவை இன்சுலின் கொடுக்கும் சமிக்ஞை உள்ளே கடந்து போவதைக் கெடுக்கின்றன, அதனால் குளூட்-4 மேலே வருவதில்லை. இதுதான் அந்தக் கருதுகோள். இதற்குச் சான்றே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2002-இல் பிட்ஸ்பர்க்கில் டேவிட் கெல்லி குழு, சர்க்கரை நோயாளிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியா சிறுத்தும் அதன் நொதிகளின் வேகம் குறைந்தும் இருப்பதைக் காட்டியது. 2003-இல் வம்சி மூதாவும் சகாக்களும், மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உருவாக்கும் மரபணுக்கள் பலவும் நோயாளிகளின் தசையில் ஒரே சீராகச் சற்றுக் குறைந்து வேலை செய்வதைக் கண்டார்கள். அதே ஆண்டு யேல் குழு, மெலிந்த உடல்வாகு கொண்ட முதியவர்களிடம் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு இளையவர்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு என்றது. மறு ஆண்டு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உள்ள, தாங்களும் இன்சுலின் எதிர்ப்பு கொண்ட, ஆனால் இன்னும் நோய் வராத இளைஞர்களை அளந்தார்கள். மைட்டோகாண்ட்ரியா செயல்பாடு சுமார் 30 சதவீதம் குறைவு, தசைக்குள் கொழுப்பு சுமார் 80 சதவீதம் அதிகம். நோய் வரும் முன்பே இந்தக் குறை இருக்கிறதே, அப்படியானால் இதுதானே காரணம் என்று பலரும் நினைத்தார்கள். தங்கள் கட்டுரை இந்த இடத்தில் நின்றுவிட்டது. கிட்டத்தட்ட 2004-இலேயே நின்றுவிட்டது என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு வந்ததைச் சொல்வதற்கு முன், இந்த அளவீடு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வு முடிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எவரும் இதை எழுதுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

தொடையின் வெளிப்புறத் தசைதான் வழக்கமான இடம். தோலை மரத்துப் போகச் செய்துவிட்டு, அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, ஒரு தடித்த ஊசியை உள்ளே விடுவார்கள். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1962-இல் பயன்படுத்திக் காட்டிய ஊசி அது. வெளிக்குழாயின் பக்கவாட்டில் ஒரு சிறு திறப்பு இருக்கும், உள்ளே கூரான விளிம்புள்ள இன்னொரு குழாய் இருக்கும். திறப்புக்குள் புடைத்து வரும் தசையை உட்குழாய் கத்தரித்துவிடும். படுத்திருப்பவருக்குக் கூர்மையான வலி இருக்காது. ஆழத்தில் யாரோ பிடித்து இழுப்பது போல அழுத்தமாக இருக்கும், சிலருக்குக் கால் ஒரு துடிப்புத் துடிக்கும். மருத்துவர் ஊசியை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டியதும் என் வேலை ஆரம்பம். வடிதாளில் ரத்தத்தை ஒற்றி எடுத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் நார்த்திசுவையும் ஒதுக்கி, துணுக்கைப் பங்கு போட வேண்டும். ஒரு பங்கு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்கு, ஒரு பங்கு மின்னணு நுண்நோக்கிக்கு, ஒரு பங்கு பனிக்கட்டியில் வைத்த கரைசலுக்கு. மூன்றாவது பங்குதான் சுவாசத்தை அளக்க. அதை உறைய வைக்கக் கூடாது, காத்திருக்கவும் கூடாது. அன்று மதியச் சாப்பாடு எனக்கு எத்தனை மணிக்கு என்பதை அந்தத் துணுக்குதான் தீர்மானிக்கும்.

கரைசலில் இருக்கும் தசையை நுண்நோக்கிக்கு அடியில் வைத்து, ஊசிமுனை இடுக்கிகள் இரண்டால் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். சிவப்பாக இருந்தது பிரியப் பிரிய வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆகும். பிறகு சபோனின் என்ற பொருளில் கொஞ்ச நேரம் ஊற வைப்போம். அது செல்லின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைத் தொடாது, அளவு மிஞ்சாதவரை. அப்புறம் ஒரு சில மில்லிகிராம் இழைகளை 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மூடிய அறையில் போட்டு, எரிபொருளையும், செல்லுக்கு ஆற்றல் சுமக்கும் ஏடிபி மூலக்கூறுகளில் செலவழிந்து மீண்டும் ஏற்றப்படக் காத்திருப்பவற்றையும் சேர்ப்போம். திரையில் ஆக்சிஜன் கோடு சட்டென்று சரியும். அந்தச் சரிவின் செங்குத்துதான் மைட்டோகாண்ட்ரியாவின் வேகம். அடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுக்கு உள்ளே இருக்க வேண்டிய சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைக் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்போம். நல்ல இழையில் ஒன்றும் மாறாது. வேகம் கூடினால், இழை பிரிக்கும்போது இடுக்கி பட்டு மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம், அந்த அளவீட்டை ஒதுக்கிவிட வேண்டியதுதான். கவனித்தீர்களா? கை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலே, ஆரோக்கியமான மனிதரின் மைட்டோகாண்ட்ரியாவும் 'பழுது' என்று வரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கடைசியில் இருக்கிறது. கிடைத்த எண்ணை எதனால் வகுப்பது? தசையின் எடையால் வகுத்தால் ஒரு விடை, அந்தத் தசையில் எத்தனை மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது என்பதால் வகுத்தால் வேறொரு விடை. 2007-இல் கோபன்ஹேகனில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். எடையால் வகுத்தபோது சர்க்கரை நோயாளிகளின் தசை குறைவாக ஆக்சிஜன் எடுத்தது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அளவால் வகுத்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, இருக்கிற மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, எண்ணிக்கைதான் குறைவு. பழுது என்பதும் எண்ணிக்கைக் குறைவு என்பதும் ஒன்றல்ல. உட்கார்ந்தே இருக்கிற எவர் தசையிலும் எண்ணிக்கை குறையும், அவருக்குச் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்த ஆண்டு வந்த ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் குழு, அங்கே வாழும் இந்தியர்களையும் வட ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களையும் ஒப்பிட்டது. இந்தியர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களின் தசை மைட்டோகாண்ட்ரியா ஏடிபி உருவாக்கும் திறனில் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. சர்க்கரை நோய் வந்துவிட்ட இந்தியர்களுக்கும் வராத இந்தியர்களுக்கும் இடையே இதில் வித்தியாசமும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருந்தும் இன்சுலின் எதிர்ப்பு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா? தமிழ் வாசகர்களுக்காக எழுதப்பட்ட கட்டுரையில் இந்த ஆய்வு இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எலிகளும் இதையே சொல்கின்றன. தசையில் மட்டும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாட்டை மரபணு வழியாகக் கெடுத்த எலிகளை 2006, 2007 ஆண்டுகளில் இரு வேறு குழுக்கள் ஆராய்ந்தன. கருதுகோள் சரியென்றால் அவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வகை எலிகள் உடல் பருமனிலிருந்தும் சர்க்கரை நோயிலிருந்தும் தப்பிக்கவே செய்தன. மறுபக்கம், கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்த எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு வந்தது, அதே நேரம் தசையில் மைட்டோகாண்ட்ரியா கூடியிருந்தது. தசைக்குள் இருக்கும் கொழுப்பு பற்றியும் ஒரு முரண் உண்டு. நெடுந்தூர ஓட்டப் பயிற்சி உள்ளவர்களின் தசையில் சர்க்கரை நோயாளிகளுக்கு நிகராகக் கொழுப்பு இருக்கும், ஆனால் அவர்கள் இன்சுலினுக்கு அருமையாகப் பதில் தருவார்கள். 2001-இல் கெல்லியின் சக ஆய்வாளர் பிரெட் குட்பாஸ்டர் இதை வெளியிட்டார். ஓடுகிறவர் தசையில் இருப்பது அன்றாடம் வந்து போகிற சரக்கு, உட்கார்ந்திருப்பவர் தசையில் இருப்பது கிடங்கில் தேங்கிப்போன சரக்கு. கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் எண்ணினால் இந்த வித்தியாசம் தெரியாது.

சரி, மைட்டோகாண்ட்ரியா காரணம் இல்லையென்றால், சர்க்கரை நோயாளிகளிடம் அது ஏன் குறைவாக இருக்கிறது? இரண்டு பதில்களுக்குச் சான்று இருக்கிறது. ஒன்று, இன்சுலினே மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகிறது. 2003-இல் நாயர் குழு ஆரோக்கியமானவர்களுக்கு இன்சுலினை ஏற்றியபோது தசையின் ஏடிபி உற்பத்தி உயர்ந்தது, சர்க்கரை நோயாளிகளிடம் உயரவில்லை. அப்படியானால் இன்சுலின் எதிர்ப்பு முன்னே போக, மைட்டோகாண்ட்ரியாவின் குறை பின்னே வந்திருக்கலாம். இரண்டாவது பதில் எனக்கு இன்னும் பிடித்தது: இரண்டுக்கும் பொதுவான ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறார், அவர் பெயர் உட்கார்ந்திருத்தல். 2010-இல் டென்மார்க்கில் ஆரோக்கியமான இளைஞர்களை, அன்றாடம் சுமார் 10,000 அடி நடந்துகொண்டிருந்தவர்களை, 1,500 அடிக்கும் கீழே குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லிஃப்ட், கார், நாற்காலி. வேறொன்றுமில்லை. இரண்டே வாரத்தில் அவர்களின் இன்சுலின் உணர்திறன் 17 சதவீதம் சரிந்தது. கால்களின் தசை எடையும், அதிகபட்ச ஆக்சிஜன் எடுக்கும் திறனும்கூடக் குறைந்தன. இவர்களுக்குப் பரம்பரைக் கோளாறு எதுவும் இல்லை. கால்களுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

மறுதிசையிலும் இது நடக்கும். ஜான் ஹாலோசி 1967-இல் எலிகளை வாரக்கணக்கில் ஓட விட்டு, அவற்றின் தசை மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் எடுக்கும் திறன் இரு மடங்கானதைக் காட்டினார். மனிதருக்கும் அது பொருந்தும். பயிற்சி செய்யும் சர்க்கரை நோயாளிகளின் தசையிலும் மைட்டோகாண்ட்ரியா மீண்டும் ஏறுகிறது, மாதக்கணக்கில் செய்தால் கண்கூடாகவே ஏறுகிறது. கட்டுரை சொல்வது போல அது நிரந்தரப் பழுதாக இருந்தால் இப்படித் திரும்பி வருமா?

ஆனால் உடற்பயிற்சியால் சர்க்கரை இறங்குவதை முழுக்க மைட்டோகாண்ட்ரியாவின் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. தசை சுருங்கும்போது குளூட்-4 இன்சுலின் இல்லாமலே மேற்பரப்புக்கு வந்துவிடும். இன்சுலின் சொல்வதைக் கேட்காத தசைகூடச் சுருங்கச் சொன்னால் கேட்கும். புதிய மைட்டோகாண்ட்ரியா முளைக்க வாரங்கள் ஆகும், இது அன்றைக்கே நடக்கும். ஒரு முறை நன்றாக உழைத்த தசை அடுத்த ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலினுக்குக் கூடுதலாகக் காது கொடுக்கும், அப்புறம் பழையபடிதான். அதனால்தான் வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வியர்க்க விறுவிறுக்க ஓடுவதைவிட, இடைவெளி விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது சர்க்கரைக்கு நல்லது. சாப்பிட்ட பிறகு நடந்தால் என் மீட்டரில் எண் அன்றே வேறாக இருக்கிறது. அதற்குள் என் தொடையில் ஒரு மைட்டோகாண்ட்ரியா கூடப் புதிதாக வந்திருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். பிட்ஸ்பர்க் குழு 2008-இல், உணவைக் குறைத்து மட்டும் எடை இறக்கியவர்களைப் பார்த்தது. இன்சுலின் உணர்திறன் உயர்ந்தது, தசைக் கொழுப்பு குறைந்தது, மைட்டோகாண்ட்ரியாவில் முன்னேற்றம் இல்லை. உடற்பயிற்சியும் சேர்த்தவர்களுக்கு மட்டுமே அது உயர்ந்திருந்தது. ஆக, மைட்டோகாண்ட்ரியா அசையாமலே இன்சுலின் எதிர்ப்பு குறையலாம். மைட்டோகாண்ட்ரியா கூடுவது நல்லதுதான், களைப்பு குறையும், படி ஏற மூச்சு வாங்காது. ஆனால் சர்க்கரை நோயின் சாவி அது ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது மாத்திரை. மைட்டோகாண்ட்ரியாவின் பெயரால் விற்கப்படுகிற சரக்கில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் என்ற பொருள்: 2011-இல் பருமனான ஆண்களிடம் 30 நாள் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது, பெரிய செய்தியாகவும் ஆயிற்று. மறு ஆண்டே பருமன் இல்லாத பெண்களிடம் சோதித்தபோது ஒரு பலனும் இல்லை. பிறகு சர்க்கரை நோயாளிகளிடமே சோதித்தார்கள், அவர்களின் இன்சுலின் உணர்திறன் மேம்படவில்லை. முதல் செய்திக்குக் கிடைத்த இடம் அடுத்த இரண்டுக்கும் பத்திரிகைகளில் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்தது என்எம்என், வைட்டமின் பி3 சார்ந்த ஒரு பொருள்: 2021-இல் 25 பெண்களிடம் 10 வாரம் நடந்த ஆய்வு. மாதவிடாய் நின்ற, சர்க்கரை எல்லையில் இருந்த, எடை கூடிய பெண்கள் அவர்கள். தசையின் இன்சுலின் உணர்திறன் சுமார் 25 சதவீதம் கூடியது, இதை மறைக்க மாட்டேன். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ மூன்று மாதச் சராசரியோ மாறவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் திறனும் மாறவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்காக என்று விற்கப்படும் மாத்திரை, அளந்து பார்த்தபோது அதைத் தவிர வேறெதையோ செய்திருக்கிறது!

இதற்குப் பக்கத்தில் 2002-இல் வெளிவந்த அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வை வைத்துப் பாருங்கள். சர்க்கரை எல்லையில் இருந்த 3,234 பேர், சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டு. வாரம் 150 நிமிடம் நடை, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பு, இவ்வளவுதான் இலக்கு. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவில் 31 சதவீதம். மாத்திரை விளம்பரம் கொடுப்பவரிடம் இதற்கு நிகரான ஓர் ஆய்வைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் விளம்பரத்தை முதல் பக்கத்திலேயே போடுங்கள், நான் ஏன் கேட்கப் போகிறேன்.

மெட்ஃபார்மின் என்றதும் ஞாபகம் வருகிறது. உலகெங்கும் சர்க்கரை நோயாளிகள் தினமும் விழுங்கும் அந்த மாத்திரை, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதித் தொகுதியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது என்று 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா பலவீனமாவதுதான் நோய்க்குக் காரணம் என்றால், அதை மட்டுப்படுத்தும் மருந்து எப்படி நோய்க்கு உதவுகிறது? அதன் முக்கிய வேலை கல்லீரலில் என்பார்கள், உண்மைதான். ஆனால் 2019-இல் முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சியால் தசை மைட்டோகாண்ட்ரியா மேம்படுவதை மெட்ஃபார்மின் தடுத்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நானும் அதைத்தான் விழுங்குகிறேன், நிறுத்தும் எண்ணம் இல்லை. இந்தத் தொடர்பு ஒற்றை வரியில் அடங்காது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கட்டுரையில் என்னைக் கோபப்படுத்திய இடம் ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவதால் சர்க்கரை நோயும் தாய்வழியே வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தார்கள். என் மகள் அதைப் படித்துவிட்டு, "அம்மா, அப்போ உன்கிட்டயிருந்துதான் எனக்கும் வரும், இல்லையா?" என்று கேட்டாள். எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்களோ. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ தாயிடமிருந்து வருவது உண்மை. அதில் இருப்பது 37 மரபணுக்கள், அவற்றில் புரதம் செய்பவை 13 மட்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான மற்ற புரதங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களிலிருந்து வருகின்றன. அவற்றில் பாதி அப்பா கொடுத்தது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறுவதால் தாய்வழியே வரும் சர்க்கரை நோய் ஒன்று உண்டு, காது கேளாமையும் சேர்ந்து வரும். 1992-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை நோயாளிகளில் சுமார் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான் அந்த வகை. அதிலும் முக்கியமாகப் பாதிக்கப்படுவது தசை அல்ல, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள். மற்ற 99 பேரின் அம்மாக்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். தாய்வழி பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை மைட்டோகாண்ட்ரியா பற்றி எழுதும்போது விளம்பரப் பிரிவில் இருப்பவர்களிடம் பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், கட்டுரையோடு போட்டிருந்த படம். சர்க்கரையோ மூட்டுவலியோ தெரியாத ஓர் இளைஞர் ஓடிக்கொண்டிருக்கிறார். என் முழங்கால்கள் ஓடுகிற நிலையில் இல்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவதும், வீட்டுக்குள் நடப்பதும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதும்தான் எனக்கு முடிகிறது. தொடைத் தசைக்கு அதுவும் வேலைதான். எடை தூக்கும் பயிற்சியும் இன்சுலின் உணர்திறனைக் கூட்டும் என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. மூட்டு தேய்ந்தவர்கள், பார்வை குறைந்தவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் எந்தத் தசைக்கு எப்படி வேலை கொடுக்கலாம், இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று, இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு ஒரு முழுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். படம் போடுவதானால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்